‘ங்க’ இல்லாத சொல்

என் மகனுடைய மண்டையைப் பிளந்தது விறகுக்கட்டை என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். கட்டை பிறகு வந்தது. முதலில் வந்தது ஒரு சொல். அது நம் சொல் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் சூலு என்கிற சனங்கள் பேசுகிற பாஷையிலிருந்து என் மகன் வாயில் ஒட்டிக்கொண்டு, கடல் தாண்டி, புதுச்சத்திரம் பக்கத்திலிருக்கும் எங்கள் காடு வரைக்கும் வந்தது. அதற்கு அர்த்தம் என்ன, அது எங்கே பிறந்தது என்று இங்கே என்னைத் தவிர யாரும் விசாரிக்கவில்லை. அடித்தவர்களும் கேட்கவில்லை, அடிபட்டவர்களும் கேட்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், எழுத்து மெதுவாகத்தான் வரும். படிப்பவர்களும் மெதுவாகவே படிக்கலாம்.

மகன் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற லாரி அது. எங்கள் பக்கத்தில் அந்தத் தொழிலில் ஆள் இல்லாத வீடு குறைவு. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவர் வண்டியைக் கப்பலிலும் இவனை விமானத்திலும் ஏற்றி அனுப்பினார். சில வருஷம் அங்கேயே கிடந்தான். விடுமுறையில் திரும்பி வந்தபோது மேனி கறுத்திருந்தது, கை இரும்பாகியிருந்தது, வாயில் அந்தச் சொல் இருந்தது.

“ஹைபோ!”

சாம்பாரில் உப்புக் கூடினால் ஹைபோ. தக்காளி விலை கேட்டால் ஹைபோ. எருமை கிடாரிக் கன்று போட்டது என்றாலும் ஹைபோ. முதல் எழுத்தை நெஞ்சுக்குள்ளிருந்து காற்றோடு இழுத்து, கடைசி எழுத்தைக் கீழே போட்டு மிதிப்பதுபோலச் சொல்லுவான்.

முதல் தடவை கேட்டபோது நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அவனோடு படித்த பையனின் கல்யாணம் மணவறை வரைக்கும் போய் நின்ற சேதியைச் சொன்னேன். ஹைபோ என்றான். என் காதில் விழுந்தது ‘ஏய், போ’. கையிலிருந்த கரண்டியைச் சூட்டோடு அவன் முழங்கையில் வைத்துவிட்டேன். தோல் வழன்று வந்தது.

“பெத்தவளப் பாத்து ஏய் போங்கறயா? நாக்கை இழுத்து வெச்சு அறுத்துப்போடுவேன்.”

“ஐயோ அம்மா, உங்களப் போகச் சொல்லலீங்க! அது அந்த ஊருப் பேச்சுங்க. ஆச்சரியப்பட்டாச் சொல்றதுங்க!”

“ஆச்சரியப்படறதுக்கு நம்மூருல வார்த்தை தீந்துபோச்சுன்னு அங்க போயி வாங்கிட்டு வந்தியாக்கும்?”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நேத்து என்னையுஞ் சொன்னாருங்க அத்தை. நான் எங்கம்மா ஊட்டுக்கே பொறப்பட்டுட்டேன்.”

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் ‘ங்க’ என்பது பேச்சின் வால் அல்ல, முதுகெலும்பு. நாயைத் துரத்தும்போதுதான் அதை விடுவோம். பெரியவர் ஒருவரைப் பார்த்து ‘ங்க’ இல்லாமல் போ என்பதும் செருப்பைக் கழற்றி அவர்மேல் எறிவதும் எங்களுக்கு ஒன்றுதான். செருப்பையாவது திரும்பப் பொறுக்கிக்கொள்ளலாம். இந்த இரண்டெழுத்து விட்டுப்போனதற்காகக் கத்தியெடுத்த குடும்பங்களை நான் அறிவேன்.

என் வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அவருக்கு ஒரு அண்ணன். நான் அவரை மாமா என்பேன், ஊரார் பெரியவர் என்பார்கள், அவர் என்னை அம்மிணி என்பார். புன்செய்க் காடு இரண்டாகப் பிரிந்தபோது ரோட்டோரம் அவருக்கும், உள்ளே இருப்பது எங்களுக்கும் வந்தது. அவர் நிலத்து ஓரமாக ஒரு வண்டித்தடம் போகிறது. அது இல்லையென்றால் எங்கள் காட்டுக்கு டிராக்டரும் போகாது, உரமூட்டையும் போகாது. அவர் கெட்டவர் அல்ல. தம்பி செத்த அன்று என் மகன் கொள்ளிச்சட்டியோடு தடுமாறியபோது பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தவர் அவர். ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு முன்னே கை பேசும். மாட்டை அடிப்பார், பெற்ற மகன்களை அடிப்பார். கரண்டுக் கம்பி மாட்ட வந்த ஒருவரை ஏணியோடு தள்ளிவிட்டிருக்கிறார்.

குலசாமி கோயிலில் கெடா வெட்டு நடந்தது. பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். வெட்டுப்பட்ட தலைகள் வேப்பமரத்தடியில் வரிசையாகக் கிடந்தன. ரத்தம் மண்ணில் ஊறிக் கறுத்து, அதன்மேல் ஈ மொய்த்தது. உச்சி வெயில். கல் அடுப்பில் அண்டா கொதித்தது. முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

“வாற மாசம் தடத்துல கல்லு நட்டுக் கம்பி கட்டறேன். என்ற பையன் கோழிப்பண்ணை போடறான். இனிமே அதுல ஒரு வண்டியும் போகாது.”

எதிர்ப்பந்தியில் இருந்த என் மகன் நிமிர்ந்து பார்த்தான். கண் அகலத் திறந்தது. தலையை ஆட்டிக்கொண்டே,

“ஹைபோ!” என்றான்.

அப்படி இருக்கவே கூடாது என்று சொல்ல வந்தான். அந்தச் சொல் எதற்காகப் பிறந்ததோ அந்த இடத்தில்தான் அன்று அதை வைத்தான். பந்தி முழுக்க மெல்லுவது நின்றது.

“என்னடா சொன்ன?”

“இல்லீங்க பெரியப்பா, அது வந்துங்க…”

அவர் காத்திருக்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து அண்டாவுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த கட்டையை உருவினார். முதல் அடி இடது காதுக்கு மேலே விழுந்தது. நெருப்புப் பொறி பறந்தது, முடி பொசுங்கிய நாற்றம் வந்தது, பிளந்த தோலிலிருந்து ரத்தம் அவன் இலையிலிருந்த சோற்றில் கொட்டியது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதுக்கு அவர் கட்டையை ஓங்கியபோது மகனுடைய கை கீழேயிருந்து மேலே போனது. தாடைக்கு அடியில் குத்து விழுந்தது. கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பெரியவர் அடுப்புக் கல்லின்மேல் சாய்ந்தார்.

“பெரியவரையே கை வெச்சுட்டாண்டா!”

பங்காளிகள் மொத்தமும் மகன்மேல் விழுந்தார்கள். உதைத்தார்கள். விலாவில், முதுகில், ரத்தம் வழிகிற தலையிலேயே உதைத்தார்கள். நான் பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்து அண்டாவில் கிடந்த நீளக் கரண்டியைக் கொதிக்கிற குழம்போடு எடுத்தேன். எட்டின முதுகிலெல்லாம் போட்டேன். ஒருத்தருக்குக் கண்ணாடி நொறுங்கியது. ஒருத்தருக்குக் காது கிழிந்தது. அந்த ஆள் இன்றைக்கும் என்னைச் சந்தையில் பார்த்தால் அறியாமல் காதைத் தடவிக்கொள்வார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. மகனை அவர்கள் காலடியிலிருந்து இழுத்து வெளியே போட்டேன். மருமகள் வேன் பிடித்து வந்தாள்.

அவன் தலையைத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவரை நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். தாடை எலும்பு முறிந்துவிட்டது, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள் என்று சேதி வந்தது. இந்த மாதிரிக் காயத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். அடித்தது தம்பி மகன்தான் என்று பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் மகன் உள்ளே போவான். பாஸ்போர்ட் முடங்கும். ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப டிக்கெட் கையில் இருந்தது. இவன் போகாவிட்டால் அந்த வண்டியில் வேறு ஆள் ஏறிவிடுவான்.

எடப்பாடியில் தறி ஓட்டுகிற என் தம்பி போன் செய்தான். “அக்கா, ஒரு வேன் நெறைய ஆள் கூட்டீட்டு வரட்டுங்களா? கை காலை எடுத்துப்போட்டு வந்தர்றோம்.”

“படுத்துக் கெடக்கறவர அடிக்கறதுக்கு வேன் எதுக்கு, சைக்கிள்ல வா. வாய மூடிட்டுத் தறிய ஓட்டு” என்று வைத்துவிட்டேன்.

பிறகு கட்டிலில் கிடந்த மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்தது யாரு?”

மெதுவாகச் சொன்னான். ரிக் வண்டியை ஒரு மலைச்சரிவில் நிறுத்தியிருந்தார்களாம். பட்டப்பகலில் டீசல் திருட ஆட்கள் வந்தார்கள். தடுத்த கூட்டாளியின் காலை இரும்புக் கம்பியால் அடித்து முறித்தார்கள். ஒருவன் இவன் கழுத்தில் கத்தியை வைத்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் சுட்டு விற்கிற பெண்பிள்ளை ஒருத்தி, என் வயதுக்காரி, நெருப்புக் கிளறுகிற கம்பியோடு ஓடிவந்து நடுவில் நின்று அந்தச் சொல்லைக் கத்தினாளாம். அவள் கையில் வெட்டு விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. திருடர்களில் ஒருவன் மாட்டினான். ஊரே சேர்ந்து கல்லாலும் தடியாலும் அவனை அடித்த அடியில் அவன் உயிர் இருந்ததா என்று இவனுக்குத் தெரியவில்லை. அடிக்கிற ஊரைப் பார்த்தும் அந்தப் பெண்பிள்ளை, கையில் ரத்தம் ஒழுக, அதே சொல்லைத்தான் கத்திக்கொண்டிருந்தாளாம்.

“அவகிட்ட நான் பேசோணும். போன் போடு.”

போனில் முகம் தெரிந்தது. தலையில் துணி கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் கட்டுப்போட்ட தலையைப் பார்த்தாள். இரண்டு கையையும் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

“ஹாயி… போ!”

எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கைப் பிள்ளை கிணற்று மேட்டில் தவழ்வதைப் பார்த்தால் நான் எப்படிக் கத்துவேனோ அப்படிக் கத்தினாள்.

மகன் பிரித்துச் சொன்னான். “ஹாயின்னா இல்லை, கூடாதுன்னு அர்த்தங்க. பின்னாடி வர்ற போ சும்மா அழுத்தத்துக்குங்க. நாம இல்லவே இல்லைங்கறோம்ல, அந்த ‘வே’ மாதிரி. நம்ம போ இல்லீங்க அது. கம்புன்னு சொல்லும்போது ஒரு ப வருதுல்லீங்க, அந்த ப.” சூலு என்றால் அவர்கள் பாஷையில் வானமாம், தங்களை வானத்து மக்கள் என்று சொல்லிக்கொள்வார்களாம். அவர்களிடமிருந்து அந்த நாட்டு வெள்ளைக்காரர்களும் இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் கரும்பு வெட்டப் போன நம் சனங்களின் பேரன் பேத்திகளும் வாங்கிக்கொண்டார்கள். “அவங்களுக்குத் தமிழே மறந்துபோச்சுங்க அம்மா. ஹைபோ மட்டும் வாயில நிக்குதுங்க.”

எதற்கு அடித்தார்கள் என்று அவள் கேட்டாள். இவன் அவர்கள் பாஷையில் சொன்னான். அவள் ஏதோ கேட்டாள்.

“என்ன சொல்றா?”

“உங்கூருல ஆளுக ரொம்பப் பொல்லாதவங்களான்னு கேக்கறாங்க.”

“ஆமான்னு சொல்லு.”

மறுநாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே பெரியவரின் வீட்டுக்காரி நின்றிருந்தாள். என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள்.

“வந்துட்டாளா கொலகாரி! மகன ஏவி உட்டுட்டு நீ ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தியா? வாயில கம்பி கட்டியிருக்குது, எதுல திங்கறது, மூக்குலயா?”

“பழமெல்லாம் கொண்டாரலீங்க அக்கா. ஒரு வார்த்தை கொண்டாந்தேன்.”

என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கதவு நிலையில் என் நெற்றியை மோதினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினேன். கண்ணாடி வளையல் உடைந்து இரண்டு பேர் கையிலும் ஏறியது. நர்சம்மா ஓடிவந்து, “இந்த வயசுல என்னம்மா இது!” என்று எங்களைப் பிரித்தாள். உள்ளேயிருந்து பெரியவர் கையைத் தூக்கி, விடச் சொன்னார்.

முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. கண் ஒரு கோடு. பற்களுக்கு நடுவிலிருந்து காற்றைத் தள்ளித்தான் பேசினார். பேசும்போது எச்சிலோடு ரத்தம் வந்தது.

“மன்னிப்புக் கேக்க வரலீங்க மாமா” என்றேன். “மொதல்ல நீங்க அடிச்சீங்க, பொறகு அவன் அடிச்சான். அந்த வார்த்தை என்னன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி, சோளம் சுடுகிற பெண்பிள்ளை, வெட்டு, வானத்து மக்கள் எல்லாம். “நாம அட போங்கன்னு சொல்றதில்லீங்களா? நம்ப முடியலீன்னா? அதேதானுங்க இதுவும்.”

“அதுல… ங்க… இருக்குது.”

“அவங்க பாஷையில ங்க கெடையாதுங்க.”

“பெரியவங்களுக்கு… என்ன பண்ணுவாங்க?”

“ஏதாச்சுங் கொடுத்தா ரெண்டு கையிலயும் வாங்குவாங்களாமுங்க. மரியாதையக் கையில வெச்சிருக்கறாங்க.”

அவர் யோசித்தார். “நீங்க சொல்லுங்க… பாக்கலாம். அவன் சொன்னாப்புல.”

இத்தனை காலத்தில் நான் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. அவர் வந்தால் எழுந்து நிற்பேன். அப்படிப்பட்டவரின் முகத்துக்கு நேரே, ‘ங்க’ இல்லாமல், அதைச் சொல்ல வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெஞ்சிலிருந்து மூச்சை எடுத்து, போன் பெண்பிள்ளை சொன்ன மாதிரியே கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா முஷ்டியை மடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பெரியவர் கண் கோட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்தார்.

“வார்த்தை… எந்தூருதா வேணா இருக்கட்டும். அடி… நம்மூருது.”

“ஆமாங்க. ரெண்டு பேரு அடியுந்தான்.”

அப்போது போலீஸ்காரர் வந்தார். சின்ன வயது, கையில் தடி, கக்கத்தில் காகிதம். என்னை யார் என்று அவர் கேட்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போனார்.

“ஐயா, உங்கள அடிச்சது உங்க தம்பி மகன்தானே? ஆமான்னு தலையை ஆட்டினாக்கூடப் போதும்.”

பெரியவர் ஆட்டவில்லை. என்னைப் பார்த்தார். அவர் வீட்டுக்காரியைப் பார்த்தார். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நெஞ்சு எழும்ப மூச்சை இழுத்தார். வலியில் கட்டில் கம்பியை அவர் கை இறுக்கியது.

“ஹா… யி… போ.”

போலீஸ்காரர் முகம் சிவந்தது. “என்னது? ஏய் போவா?” தடியால் கட்டில் காலில் ஓங்கி ஒரு அடி. மருந்துப் பாட்டில் உருண்டது. “யூனிபார்ம் போட்டவன்கிட்டயே ஏய் போங்கறீங்க. தாடை ஏன் ஒடஞ்சுதுன்னு எனக்கு விசாரணையே வேண்டாம், தெரிஞ்சுபோச்சு!”

“ஐயோ, அப்படிச் சொல்லலீங்க சார்” என்று நான் நடுவில் போனேன். “இல்லவே இல்லைங்கறாருங்க. அவன் அடிக்கலீங்கறாருங்க.”

“அப்பறம் தாடை?”

பெரியவர் தன் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். உடைந்த வளையல் கீறிய மணிக்கட்டிலிருந்து அவளுக்கு இன்னும் ரத்தம் கசிந்தது. என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அடுப்புக் கல்லு மேல உழுந்துட்டாருங்க.”

போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டு போனார். உருண்டு கிடந்த மருந்துப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“அம்மிணி” என்றார் பெரியவர். “அவன் பொழச்சுப் போகட்டும். என்ற ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. தடத்துல… கல்லு நடத்தான் செய்வேன்.”

“நட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகன் விமானம் ஏறினான். தலையில் காயம் ஆறிய இடத்தில் முடி முளைக்கவில்லை என்று மருமகளிடம் போனில் காட்டுகிறான். பெரியவருக்குக் கம்பியை எடுத்தார்கள். கொஞ்சம் கோணலாகப் பேசுகிறார். எடுத்த கையோடு ஆள் வைத்துத் தடத்தின் குறுக்கே கல் நட்டார்.

விடிந்ததும் கடப்பாரையோடு போனேன். கல்லைச் சுற்றித் தோண்டி நெம்பினேன். உள்ளங்கை கிழிந்து கடப்பாரை வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி நெம்பினேன். முதல் கல் சாய்ந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். பெரியவர், கையில் தடி. நான் கடப்பாரையைத் தூக்கிப் பிடித்தேன்.

“வாங்க மாமா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சாய்ந்த கல்லைப் பார்த்தார், கல் இருந்த குழியை வெகுநேரம் பார்த்தார்.

“கல்லப் புடுங்கறது புடுங்கறீங்க, குழிய மூடோணுமுங்க அம்மிணி. டிராக்டரு குடை சாஞ்சு எவனாச்சுஞ் செத்தா உங்க மகன் அங்கிருந்து வந்து மிச்சத் தாடையையும் ஒடைப்பான்.”

தடியை ஊன்றிக்கொண்டு தன் காட்டுக்குள் நடந்தார். நான் மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, காலால் மிதித்து இறுக்கிவிட்டு, அடுத்த கல்லுக்குப் போனேன்.